களிம்பு தர மறுத்த மருந்துக்கடை

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு சிறு நகரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சில்லறைக் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும் மருந்துக்கடை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கடந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் வீட்டுக்காகவும் அண்டை வீடுகளுக்காகவும் பத்துப் பதினைந்து தடவையாவது அங்கு போயிருப்பேன்; அவற்றில் பெரும்பாலானவை தோலிலும் வாயிலும் வரும் பங்கசு (பூஞ்சை), வைரசுத் தொற்றுகளுக்காகத்தான். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நல்லதோடு குறையையும் சொல்ல இருக்கிறேன். அந்தக் குறை சம்பளத்துக்கு நிற்கும் ஒரு பையனைத் தொடுகிறது என்பதால் பெயரை விட்டுவிடுவதே முறை என்று நினைக்கிறேன்.

ஒரு மருந்துக்கடைக்கு அடிக்கடி போகவைக்கும் அளவுக்குத் தோல் வியாதி எங்கள் பக்கத்தில் அதிகமா என்று கொழும்பில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கை தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஆனி, ஆடி மாதங்களில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. அடுப்படிக்கு மேலே கட்டிய கம்பியில் புகை மணக்க மணக்க அரைகுறையாக உலர்ந்ததையே உடுத்திக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஒரே துவாயை நான்கு பேர் துடைத்துக்கொள்ளும் வீடுகளும், ஒரே பாயில் மூன்று பிள்ளைகள் படுக்கும் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. ஈரமும் சூடும் நெருக்கமும் கூடிய இடத்தில் பங்கசு வளர்வதற்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

என் அம்மா முப்பத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். செடியின் ஈரமும் குச்சியும் படாமல் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டிக்கொண்டுதான் எங்கள் பெண்கள் மலைக்குப் போகிறார்கள். அந்தப் படங்கின் மேல் கயிற்றை இறுக்கும் இடத்தில் காலையிலிருந்து மாலைவரை வியர்வை வெளியேற வழியில்லை. அம்மாவுக்கு முதலில் இடப்பக்க இடுப்பில், சரியாகக் கயிறு உட்காரும் இடத்தில், இரண்டு ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. ஓரம் சற்றுத் தடித்துச் சிவந்து, பொடிப்பொடியாகச் செதில் உதிர்ந்து, நடுப்பகுதி மட்டும் ஆறினாற்போல் வெளுத்திருந்தது. பாட்டி காலத்துப் பழக்கப்படி சீமையகத்தி இலையை அரைத்துப் பூசிப் பார்த்தார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சங்காயை வெட்டித் தேய்த்துத் தோலைப் பொசுக்கிக்கொண்டார். அதற்கும் பிறகு, சம்பள நாளில் நகரத்துக்குப் போனபோது, வேறொரு கடையில் “படைக்கு மருந்து” என்று கேட்டு ஒரு டியூப் வாங்கி வந்தார்.

மூன்றாம் நாளே அரிப்பு நின்றது, சிவப்பும் மங்கியது, அம்மா அந்த டியூப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நிறுத்தினால் பத்து நாளில் திரும்ப வந்தது; பூசினால் அடங்கியது. இப்படியே ஐந்து மாதமும் நான்கு டியூப்பும் போன பிறகு பார்த்தால், வட்டம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து தொடைவரை ஒழுங்கில்லாத கருஞ்சிவப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன. தொடை இடுக்கில் பிள்ளை பெற்ற வயிற்றில் தெரிவதுபோன்ற வெள்ளைக் கோடுகளும் விழுந்திருந்தன. ஐந்தாவது டியூப் வாங்க அந்தப் பழைய கடை பூட்டிக் கிடந்ததால்தான் முதன்முதலாக இந்தக் கடைப்படி ஏறினோம்.

கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணிதான் அங்கு மருந்தாளர். அம்மா வெறும் டியூப்பை நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார்.

“இதக் குடுக்க மாட்டேம்மா. எத்தன மாசமா பூசுறீங்க?”

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்குகிறவளிடம் இல்லை என்று சொல்லலாம், தரமாட்டேன் என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவர் வாதம். அந்த அம்மையார் சளைக்கவில்லை. உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கிய மூலைக்கு எங்களை அழைத்துப்போய், கைபேசி வெளிச்சத்தில் இடுப்பைப் பார்த்தார். பிறகு அந்த டியூப்பில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொன்னார். அதில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. ஒன்று மைக்கொனசோல், பங்கசைக் கொல்ல. ஒன்று நியோமைசின், பற்றீரியாவுக்கு. மூன்றாவது குளோபெட்டசோல் என்ற மிகக் கடுமையான ஸ்டீரொய்ட். அரிப்பை மூன்று நாளில் நிறுத்தியது இந்த மூன்றாவது ஆள்தான். அரிப்பும் சிவப்பும் உடம்பு பங்கசோடு சண்டை போடுவதன் அடையாளங்கள்; ஸ்டீரொய்ட் அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது; சண்டை நின்றதும் வலி தெரிவதில்லை, பங்கசு மட்டும் தடுப்பார் இல்லாமல் பரவுகிறது. வட்டமான ஓரம் அழிந்து போவதால் அடுத்து பார்க்கும் வைத்தியருக்கும் இது படர்தாமரைதானா என்று சட்டெனப் பிடிபடுவதில்லை. தொடை இடுக்கில் விழுந்த வெள்ளைக் கோடுகள் தோல் மெலிந்து பிளந்ததால் வந்தவை. அவை இனி முற்றாக மறையப்போவதில்லை.

“நிப்பாட்டின ஒடனே ஒரு வாரம் பத்து நாளைக்கு அரிப்புக் கூடும். அப்ப பயந்துகிட்டு திரும்ப இதப் பூசிறாதீங்க” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். சின்ன வட்டமாக இருந்திருந்தால் தானே ஒரு குளோட்ரிமசோல் களிம்பு கொடுத்திருப்பாராம். இவ்வளவு பரந்து, ஸ்டீரொய்டும் பட்ட பிறகு பூசு மருந்து மட்டும் போதாது, குடிக்கும் மருந்து வேண்டும், அதை வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் தரமுடியாது என்று சொல்லி, வைத்தியசாலையில் தோல் கிளினிக் நடக்கும் நாளை ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். அன்று எங்களிடம் அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. மருந்து விற்பவர் மருந்தை விற்காமல் அனுப்பியதை அம்மா அன்று இரவு முழுவதும் பக்கத்து வீட்டாருக்குக் குற்றமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் திட்டின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் சுரண்டிச் செதிலைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுத் துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். அந்தக் காரம் தோலின் கெரற்றினைக் கரைத்துவிடும். கரையாமல் எஞ்சும் பங்கசு இழைகள் கிளைவிட்ட நூல்போலத் தெரியும். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்று சொன்னதால் வைத்தியர் என்னையும் ஒருமுறை எட்டிப்பார்க்க விட்டார். இப்போது தெற்காசியா முழுவதும் பரவியிருக்கும், 2020 ஆம் ஆண்டில் தனி இனமாகப் பெயரிடப்பட்ட ட்ரைகொஃபைட்டன் இன்டோட்டினியே என்ற வகை, வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மருந்துக்குப் பல வேளைகளில் மசிவதில்லை என்றும், அதனால் வேறு மருந்தை நீண்ட நாளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் அவர் சொன்னார். அம்மாவுக்கு எழுதியது இட்ராகொனசோல்.

அந்தத் துண்டோடு மீண்டும் இதே கடைக்கு வந்தோம். இந்த இரண்டாவது வருகைதான் என்னை இதை எழுதவைத்தது. மருந்தாளர் துண்டைப் பார்த்தவுடன் மாத்திரையை எண்ணத் தொடங்கவில்லை. அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கேட்டார். கொழுப்புக்கு ஸ்டட்டின் வகை மாத்திரை ஒன்றும், காஸ்ட்ரிக்குக்கு ஒமிப்பிரசோலும் அதில் எழுதியிருந்தன. இட்ராகொனசோல் சில ஸ்டட்டின்களின் அளவை இரத்தத்தில் வெகுவாகக் கூட்டிவிடும்; கூடினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம்வரை பாதிக்கும். ஒமிப்பிரசோலோ இரைப்பை அமிலத்தைக் குறைத்துவிடுவதால் இட்ராகொனசோல் வில்லை சரியாக உறிஞ்சப்படாமலே போய்விடும். அவர் அங்கேயே நின்றபடி கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசி, கொழுப்பு மாத்திரையையும் காஸ்ட்ரிக் மாத்திரையையும் சிகிச்சை முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொல்லும் வைத்தியரின் பதிலை வாங்கி, கொப்பியில் திகதியோடு குறித்தார். கிளினிக்கில் அறுபது எழுபது பேர் காத்திருக்கும் ஒரு காலைவேளையில் தவறிப்போன ஒன்றை, பஸ் நிறுத்தத்து மருந்துக்கடை பிடித்துவிட்டது.

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மாத்திரை உறையில் மருந்தாளர் பேனாவால் ஒரு சூரியனும் ஒரு பிறையும் வரைந்து, இரண்டின் கீழும் ஒரு சோற்றுப் பீங்கானையும் வரைந்துவிட்டார்: காலையும் இரவும், சாப்பாட்டோடு. அந்த உறையை அம்மா இன்னும் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.

மருந்தைவிட அவர் கேட்ட கேள்விகளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். வீட்டில் வேறு யாருக்குச் சொறி இருக்கிறது? துவாய் எத்தனை? படங்கை எப்போதாவது துவைத்துக் காயப்போடுவதுண்டா? அண்ணன் மகனுக்குத் தலையில் ஓர் இடத்தில் மயிர் கொட்டியிருப்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. தலையில் வரும் பங்கசு மயிர்க்காலுக்குள் இருப்பதால் பூசு மருந்து அங்கு எட்டாது, பிள்ளையையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள் என்றார். அவனுக்குக் கிரிசியோஃபுல்வின் எழுதினார்கள். பாலோடோ கொழுப்புள்ள சாப்பாட்டோடோ கொடுத்தால்தான் அது உடம்பில் ஏறும் என்பதை இந்தக் கடையில்தான் சொன்னார்கள். அவன் தூக்கிக்கொண்டு திரியும் பூனைக்குட்டியின் காதோரமும் சொட்டையாக இருந்தது வேறு கதை.

பிறகு எனக்கே கையில் ஒரு சிறு வட்டம் வந்தபோது குளோட்ரிமசோல் களிம்பு வாங்கினேன். விலை கூடிய பெயர்பெற்ற டியூப்பும் இருந்தது, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் விநியோகிக்கும் சாதாரண டியூப்பும் இருந்தது. இரண்டிலும் இருப்பது ஒன்றுதான் என்று சொல்லி மலிவானதைக் கையில் வைத்தார். பேராதனையில் மருந்தியல் படிப்பித்த சேனக பிபிலே 1971 இல் அந்தக் கூட்டுத்தாபனத்தை அமைத்தபோது எதற்காகப் பாடுபட்டாரோ, அது இந்த மேசையில் ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வட்டத்தின் மேல் மட்டும் பூசாமல் சுற்றி இரண்டு சென்ரிமீற்றர்வரை பூச வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூச வேண்டும் என்பதையும் சொல்லித்தான் மிச்சக் காசைத் தந்தார். மறைந்தவுடன் நிறுத்துவதுதான் நாம் எல்லோரும் செய்வது.

வைரசு விடயங்களில் கடையின் நடத்தை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அங்கு விற்பதற்கு அதிகம் எதுவும் இல்லை. காய்ச்சலுக்குப் பிறகோ வெயிலில் நின்ற பிறகோ எனக்கு உதட்டோரத்தில் நீர்க்கொப்புளம் கூட்டமாக வரும். பல்லி எச்சமிட்டது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அது ஹேர்ப்பீஸ் சிம்பிளெக்ஸ் என்ற வைரசு. ஒருமுறை உடம்புக்குள் வந்தால் நரம்பு முடிச்சில் தங்கிக்கொண்டு, சமயம் பார்த்து வெளியே வரும். உலகில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் அதன் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார அமைப்பு கணித்திருக்கிறது. பல்லியை வீணாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம். அசைக்ளோவிர் களிம்பு கேட்டேன். கொப்புளம் வந்து எத்தனை நாள் என்றார். மூன்று நாள் என்றேன். “உதடு சுருக்சுருக்குனு குத்தும் பாருங்க, அப்பவே பூசத் தொடங்கினா ஒரு நாள் முந்தி ஆறும். இப்ப பூசினா காசுதான் வீண், டீச்சர். கிள்ளாம விடுங்க, பிள்ளைகள முத்தம் குடுக்காதீங்க” என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவையாக வெறுங்கையோடு திரும்பினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ உடனே வைத்தியரிடம் போகச் சொன்னதையும் இங்கு சேர்த்துவிடுகிறேன்.

ஆனால் அக்கி விடயத்தில் அவர் இப்படி ஆறுதலாகப் பேசவில்லை. எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவருக்கு வலப்பக்க மார்பில் மூன்று நாளாக எரிச்சல். சுளுக்கு என்று தைலம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முதுகிலிருந்து மார்புவரை ஒரே பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் எழும்பியது. அக்கி எழுதுகிற ஒருவரிடம் போய்க் காவி பூசி எழுதிக்கொள்வதாக வீட்டார் ஏற்பாடு செய்திருந்தார்கள். வலிக்கு மாத்திரை வாங்கத்தான் என்னை அனுப்பினார்கள். கொப்புளம் எப்போது எழும்பியது என்று கேட்டார் மருந்தாளர். முந்தின நாள் இரவு என்றேன்.

“எழுதுறதுன்னா எழுதிக்கட்டும், யாரும் வேணாங்கல. ஆனா இன்னைக்குப் பொழுது சாயறதுக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

சிறுவயதில் வந்த கொப்புளிப்பான் வைரசுதான் நரம்பில் ஒளிந்திருந்து வயதான காலத்தில் அக்கியாக வருகிறது. கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் அசைக்ளோவிர் மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன் உண்டு. 800 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஏழு நாள். தாமதித்தால் கொப்புளம் ஆறின பிறகும் அந்த இடத்தில் மாதக்கணக்கில் சட்டை பட்டாலே எரியும் நரம்பு வலி தங்கிவிடக்கூடும். அம்மாள் போட்டால் வேப்பிலை கட்டி வீட்டோடு இருப்பதில் பெரிய கெடுதி இல்லை. தொற்று மற்றவருக்குப் போகாமல் இருக்கவும் அது உதவுகிறது. அக்கி அப்படியல்ல, அதில் மணிக்கணக்கு இருக்கிறது என்பதை நான் இந்தக் கடையில் கற்றுக்கொண்டேன். பெரியவர் அன்று மாலையே மருந்து தொடங்கினார். காவியும் எழுதிக்கொண்டார்.

தங்கையின் இரண்டு மாதக் குழந்தைக்கு வாயில் வெள்ளை படிந்தபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிநேகிதி சொன்னாள் என்று அவள் மைக்கொனசோல் வாய் ஜெல் கேட்டாள். நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தக் கொழகொழப்பு தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டென்று மறுத்து, குழந்தையை வைத்தியரிடம் காட்டச் சொன்னார். எழுதி வந்தது நிஸ்டட்டின் துளி மருந்து. பால் குடித்த பிறகு ஒரு மில்லிலீற்றரைக் கன்னத்தின் இரு பக்கமும் சிறிது சிறிதாக விட வேண்டும், தாயின் முலைக்காம்பில் எரிச்சல் இருந்தால் அவளுக்கும் மருந்து வேண்டும், இல்லாவிட்டால் இருவரும் மாறிமாறிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்றார். மருந்துதான் அன்று அவரிடம் இருப்பில் இல்லை. ஹட்டன்வரை போய் வாங்க வேண்டியிருந்தது.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். அப்பா வெற்றிலை போடுகிறவர். பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்து மடித்து இடக்கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களம் முதல் இரவுச் சோறுவரை அது அங்கேயே இருக்கும். காரம் பட்டால் வாய் எரிகிறது, உள்ளே வெள்ளையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு வந்ததைப் பார்த்தபின், தனக்கும் அதே மருந்துதான் என்று முடிவுகட்டி, விற்றமின் மாத்திரையும் வாய்க்குப் பூசும் ஜெல்லும் வாங்கிவரச் சொன்னார். நான் கேட்டபோது மருந்தாளர் தரவில்லை. “ஐயாவ ஒருக்கா கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுத் தாறேன்” என்றார்.

அப்பா வந்தார். மருந்தாளர் அவரிடம் முதலில் கேட்டது நீரிழிவு இருக்கிறதா, மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து எடுக்கிறாரா, பல்செட் போட்டிருக்கிறாரா என்பதுதான். பெரியவர்களின் வாயில் கன்டிடா என்ற பங்கசு தழைப்பதற்கு இவைதான் வழக்கமான காரணங்கள். ஸ்டீரொய்ட் உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினாலும், பல்செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்துவைத்தாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்பாவுக்கு மூன்றும் இல்லை. மருந்தாளர் ஒரு துண்டுக் கட்டுத்துணியைக் கொடுத்து, வெள்ளையின் மேல் அழுத்தித் துடைக்கச் சொன்னார். துணியில் வெற்றிலைச் சாயம் மட்டுமே வந்தது. வெள்ளை அப்படியே இருந்தது. கன்டிடாவின் வெள்ளைப் படலம் பெரும்பாலும் துடைத்தால் தயிர் ஆடைபோல வழிந்து வந்து அடியில் சிவந்த புண்ணைக் காட்டும். துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு, அதுவும் வெற்றிலை ஒதுக்கும் கன்னத்தில், வேறு சாதி. பிறகு மூன்று விரலைச் சேர்த்து நெடுக்காக வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டுதான் போயிற்று. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும் நோய்க்கு அது அடையாளம்.

ஜெல் கொடுத்திருந்தால் எரிச்சல் கொஞ்சம் தணிந்திருக்கும், அப்பாவும் ஆறு மாதம் நிம்மதியாக இருந்திருப்பார். அதுதான் ஆபத்து. மருந்தாளர் பல் வைத்தியரைப் பார்க்கச் சொன்னார். அங்கிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். திசு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்குப் போகும் வழியில் இருக்கும் மாற்றம் என்று முடிவு வந்தது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கும் வெற்றிலையும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்திவிட்டது. புகையிலையை மட்டும் விட்டால் போதாதா என்று பேரம் பேசிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேராதனைக்குப் போய் வருகிறார். வெற்றிலைப் பை இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. உள்ளே இப்போது கராம்பு இருக்கிறது.

இனி குறைகள். முதலாவது, மறைவு இல்லை. மூன்று பேர் தோளோடு தோள் நின்றால் நிரம்பிவிடும் முகப்பில், தொடை இடுக்கில் அரிப்பு என்று எந்த வாலிபன் வாய்விட்டுச் சொல்வான்? ஒரு பையன் எல்லோரும் போகட்டும் என்று அரை மணித்தியாலம் ஒதுங்கி நின்றுவிட்டு, கூட்டம் குறையாததைக் கண்டு ஒன்றும் கேட்காமலே பஸ் ஏறிப்போனதைப் பார்த்தேன். பெட்டி மூலையில் ஒரு திரைச்சீலை கட்ட எத்தனை ரூபாய் ஆகும்? இரண்டாவது, இருப்புப் பற்றாக்குறை. அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மருந்து உறைகளில் அச்சடித்த எழுத்து ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருக்கிறது. அவர் பேனாவால் வரையும் சூரியனும் பிறையும் இல்லாவிட்டால் எங்கள் பெண்களில் பலர் குருட்டாம்போக்கில்தான் குடிக்க வேண்டும்.

பெரிய குறை ஞாயிற்றுக்கிழமை. அன்று மருந்தாளர் வருவதில்லை. சம்பளத்துக்கு நிற்கும் பையன் கடையைத் திறக்கிறான். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் பற்றியெல்லாம் அவனிடம் கேட்டுப் பயனில்லை. மருந்தாளரின் சான்றிதழ் அவன் தலைக்கு மேலே சட்டத்துக்குள் தொங்குகிறது, அவ்வளவுதான். நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து, “படைக்குப் பூசுற மருந்து ஒண்ணு குடு தம்பி” என்றார். பையன் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு டியூப்பை எடுத்துக் கொடுத்தான். அம்மா ஐந்து மாதம் பூசிய அதே முக்கலவை. அப்படியானால் அது இந்தக் கடையிலும் இருக்கிறது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் போய் மருந்தாளரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. கடை தன்னுடையது அல்ல, முதலாளி வேறு, கம்பனிக்காரர்கள் கொண்டுவந்து இறக்குவதை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் தனக்கில்லை, துண்டோடு வருகிறவர்களுக்காக வைத்திருப்பதாகத்தான் கணக்கு என்றார். அந்த விளக்கம் எனக்குத் திருப்தியாக இல்லை. அதை அவரிடமும் சொன்னேன். அடுத்த முறை போனபோது கீழ் இழுப்பறைக்குப் புதிதாக ஒரு பூட்டு போட்டிருந்தது. சாவி அவருடைய கண்ணாடிக் கயிற்றில் தொங்கியது. முதலாளி அதை எவ்வளவு நாள் பொறுப்பாரோ தெரியாது.

போக நினைப்பவர்கள் கிழமை நாட்களில், காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். அதற்கு முன் கிளினிக் துண்டுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். முன்னால் பூசிய களிம்பின் வெறும் டியூப்பையும், குடிக்கும் மாத்திரைகளின் அட்டைகளையும், கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள்; அவற்றைத்தான் அவர் முதலில் கேட்பார். அம்மாவின் இடுப்பில் இப்போது அரிப்பு இல்லை, கறுத்த தழும்பு மட்டும் இருக்கிறது. படங்கை இரண்டாகத் தைத்துக்கொண்டார்; ஒன்று காயும்போது மற்றதைக் கட்டிக்கொண்டு போகிறார்.